முன்னறை மட்டும்

பெங்களூர் கன்டோன்மென்டில் சர்ச்சில் கல்யாணம் பண்ணிக்கொண்ட பெண்களில் பிரிஜெட்டின் கவுனைப் போடாதவள் ஒருத்திகூடக் கிடையாது. கன்னியாஸ்திரிகளைச் சேர்க்கவில்லை. அவர்களும் ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் மனம் மாறியிருப்பார்கள். அங்கே ஒரு கவுன் இருந்தது. மணப்பெண் பாதிரியார் முன்னால் மோதிரம் மாற்றிக்கொண்டிருக்கும்போது அதன் வாலின் நுனி ரிச்சர்ட்ஸ் பார்க் வாசலில் அப்போதுதான் ஆட்டோவைவிட்டு இறங்கிக்கொண்டிருக்கும். அவ்வளவு நீளம்.

நான் சொல்வதைப் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் மனைவி அனந்தலக்ஷ்மி போட்ட சட்டம். கல்யாணமான முதல் வாரமே போட்டுவிட்டாள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். தெரியாத ஒருவனிடம் போய் நான் வாயைத் திறந்ததால் வந்ததுதான் இத்தனையும்.

பிரிஜெட் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே காம்பவுண்டுச் சுவர். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு மஞ்சள் சாதமும் கறி உருண்டைக் குழம்பும் மணக்கும்போது அனந்தலக்ஷ்மி ஜன்னலைச் சாத்துவாள், நான் திறப்பேன். பிரிஜெட்டின் கணவர் தியோடர் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர். சர்ச்சில் மேடையேறி வேதம் வாசிப்பவர். அவர் வாசித்தால் சுவரிலிருக்கும் பல்லிகூட நகராது. வீட்டில் அதிகம் பேச மாட்டார். பேசவேண்டியதை எல்லாம் அங்கேயே வாசித்துத் தீர்த்துவிடுவார் போலிருக்கிறது.

பிரிஜெட்டின் தொழில் கல்யாணக் கவுன்களை வாடகைக்கு விடுவது. கேட்டில் முழம் நீளத்தில் ஒரு போர்டு. சனிக்கிழமை கல்யாணம் என்றால் வியாழக்கிழமை எடுத்துப்போய் திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். திங்கள் இரவு அவள் குளியலறையில் உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொரு கல்யாணத்திலும் என்ன நடந்தது என்று கவுனே சொல்லிவிடும். தோளில் லிப்ஸ்டிக் என்றால் அத்தைமார்கள் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். மடியில் கேக் கிரீம் என்றால் மாப்பிள்ளை கையாலாகாதவன். வாலில் தார் என்றால் கார் சர்ச்சுக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டது. எலுமிச்சம்பழம், சமையல் சோடா, குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூ, இந்த மூன்றைத் தவிர வேறெதையும் அந்தத் துணி மேல் படவிட மாட்டாள். பிழியக் கூடாது. வெயிலில் போட்டால் மஞ்சளடிக்கும். கட்டில் மேல் பழைய பெட்ஷீட்டை விரித்து, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி கிடத்தி, நிழலில் காயவைப்பாள். மே மாதத்தில் மாங்காய் மழை திடீரென்று பிடித்துக்கொண்டால் இரண்டு நாள் கட்டில் கவுனுக்கு, தரை தியோடருக்கு.

அவளிடம் ஒரு நியமம் இருந்தது. துணியில் கத்திரி வைக்கவே மாட்டாள். ஒல்லிப் பெண் வந்தால் உள்ளே மடித்து ஓட்டுத்தையல் போடுவாள். குண்டுப்பெண் வந்தால் பிரித்துவிடுவாள். ஒவ்வொரு கவுனின் ஓரத்திலும் நாலு இன்ச் துணி ஒளிந்திருக்கும். "நாளைக்கு இன்னொருத்தி வருவா இல்ல சார்? அவளுக்கும் இருக்கணும்" என்பாள்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளை உடுப்பில் எங்கேயாவது நீலமாக ஒன்று இருந்தால் பெண்ணுக்கு நல்லது என்று இவர்களிடம் ஒரு வழக்கம். பிரிஜெட் கவுனின் அடி மடிப்பில், உள்பக்கம், யார் கண்ணிலும் படாமல் பெண்ணின் பேரையும் கல்யாணத் தேதியையும் நீல நூலில் தைத்துவிடுவாள். அடுத்தவளுக்குப் போகும்போது முந்தின பேரைப் பிரிப்பதில்லை. பக்கத்தில் புதுப் பேர் சேர்ந்துகொள்ளும். சில கவுன்களின் மடிப்பைத் திருப்பினால் ரேஷன் கடைப் பட்டியல் மாதிரி இருக்கும்.

சொந்தப் புராணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் பங்கு புரியாது. நான் சர்க்கார் செக்‌ரடேரியட்டில் செக்‌ஷன் ஆபீஸராக இருந்தவன். பாரம் நிரப்புவதென்றால் எனக்குப் பாயசம். சொத்து வரியை ஏப்ரல் மாதத்துக்குள் கட்டினால் நூற்றுக்கு ஐந்து தள்ளுபடி. எங்கள் தெருவில் பதினேழு வீட்டுக்கும் நான்தான் நிரப்புவேன். ஆரம்பத்தில் காகிதத்தில், இப்போது கம்ப்யூட்டரில். வீட்டை நாமே அளந்து நாமே கணக்குப் போட்டு, இது உண்மை என்று நாமே கையெழுத்திடும் ஏற்பாடு. அதில் கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்று ஒரு கேள்வி வரும். குடியிருப்பென்றால் ஒரு ரேட், வியாபாரமென்றால் அதைவிட எவ்வளவோ மேலே.

முதல் வருஷம் பிரிஜெட் கேட்டாள். "சார், கடைன்னு போட வேணாமா?"

"நாலு துணி தொங்கறது கடையாம்மா? அப்போ என் வீட்டுக் கொடியும் கடைதான்" என்று சொல்லிவிட்டு 'சொந்தக் குடியிருப்பு' என்று போட்டேன்.

தியோடர் படிக்கவில்லை. "நீங்க பாத்தா சரி, ராகவன்" என்று கையெழுத்துப் போட்டார். என் முழுப்பேர் சீனிவாசராகவன். அதையும் சேர்த்துப் பதினாறு ஏப்ரல், பதினாறு கையெழுத்து. ஒவ்வொரு தடவையும் என்னவோ அரண்மனையைக் காப்பாற்றிக் கொடுத்தவன் மாதிரி காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவேன்.

போன வருஷம் மே மாதம் வார்டு முழுக்க சர்வே வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முந்தின நாள் பலாப்பழம் வந்த பாத்திரத்தில் தேங்குழல் போட்டு எடுத்துக்கொண்டு பிரிஜெட் வீட்டுக்குப் போனேன். தியோடர் பாங்குக்குப் போயிருந்தார். அவள் முன்னறையில் மரப் பொம்மைக்குக் கவுன் மாட்டி, தரையில் முழங்காலிட்டுப் பாவாடையை மடித்துக்கொண்டிருந்தாள். வாயில் ஒரு டஜன் குண்டூசி. அந்த நேரத்தில் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு பையன் உள்ளே வந்தான்.

"நமஸ்காரா. ரெவின்யூ ஆபீஸ்ல இருந்து வந்திருக்கேன். ஹரிஷ்குமார். போன்ல மேப் பாத்தா இங்க பிரைடல் ஷாப்னு காட்டுது, நாலு புள்ளி எட்டு ஸ்டாரு. நம்ம ரெக்கார்டுல வெறும் வீடுன்னு இருக்குது."

பிரிஜெட் "ம்ம்" என்றாள். குண்டூசி வாயிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடியும். அவசரப்பட்டால் உள்ளே போய்விடும். என் வாயில் ஒன்றும் இல்லை.

"உக்காருப்பா. தமிழா?"

"அத்திபெலே சார், பார்டர் ஊரு. வீட்ல தமிழு, ஸ்கூல்ல கன்னடா." கையிலிருந்த சின்ன டப்பாவைச் சுவரில் காட்டினான். சிவப்புப் புள்ளி ஒன்று எதிர்ச்சுவரில் போய் விழுந்தது. "பத்து பை பதினாலு. இந்த ஒந்து ரூமு தானேம்மா? முன்னறை மட்டும்னு போட்டுக்கிறேன். வீட்டுக்காரங்களே சின்னதா நடத்துறது. டிஃபரன்ஸ் கட்டிட்டு, சின்னதா ஒரு லைசென்ஸ் எடுத்துட்டீங்கன்னா ஆய்த்து. தொந்தரவில்ல."

பிரிஜெட் இரண்டாவது ஊசியை எடுத்து சின்ன ஊசி மெத்தையில் குத்தினாள். முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். இன்றைக்கும் அது கண்ணிலேயே நிற்கிறது.

அவன் அதோடு எழுந்து போயிருக்கலாம். போகிற போக்கில் பேச்சுக்கு ஒன்று சொன்னான். "சின்னக் கடைதான் பாவம். எங்க ஊர்ல சர்க்கிள் கிட்ட ஒருத்தர் ஷோரூம் போட்டிருக்கார் பாருங்க. மூணு மாடி. நூறு கவுனு. ஏசி. இங்க எட்டோ பத்தோ தானே தொங்குது."

"நூறா?" என்றேன்.

"ஆமா சார். நூறுக்கு மேலயே இருக்கும்."

"தம்பி, நூறெல்லாம் இந்த அம்மா கைக்குட்டை எண்ணிக்கை. இங்க முந்நூற்று அறுபத்தஞ்சு இருக்கு. தினம் ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும் ஒரு வருஷத்துக்கு ஒரே கவுன் ரெண்டாந்தடவை வெளியில போகாது."

உண்மையில் அறுபத்து நாலு. பிரிஜெட் "ம்ம்ம்" என்றாள். அதை நான் ஆமோதிப்பென்று எடுத்துக்கொண்டேன்.

"எங்க சார் முந்நூறு? காணோமே" என்று அவன் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது.

"வா காட்டறேன்" என்று எழுந்தேன். அவர்கள் படுக்கையறைக் கதவைத் திறந்தேன். கூரையிலிருந்து கம்பி போட்டு இரண்டு வரிசையாகத் தொங்கின. மகன் லாயிட் ஆஸ்திரேலியா போனதிலிருந்து அவன் அறையிலும் அப்படியே. நடையில் ஒரு பக்கம் முழுக்க. சாமான் அறையில் அரிசி டிரம்முக்கு மேலேகூட இரண்டு. "இந்த வீட்ல மனுஷா படுக்க இடம் கிடையாது தம்பி. தியோடர் நின்னுண்டே தூங்கறார், குதிரை மாதிரி. வீடே கடை, கடையே வீடு."

எனக்குப் பின்னால் அந்தச் சிவப்புப் புள்ளி ஒவ்வொரு சுவராக விழுந்துகொண்டே வந்தது. நான் கவனிக்கவில்லை. பேச்சில் இருந்தேன்.

"எத்தனை வருஷமா சார் நடக்குது?"

"நேத்திக்கு முளைச்சதில்லை இது" என்று நடையில் தொங்கிய கவுனின் மடிப்பைத் திருப்பிக் காட்டினேன். நீல நூலில் 1997 ஏப்ரல் என்று தொடங்கி, பேருக்குக் கீழே பேராகப் பத்தொன்பது. "அத்திபெலே மூணு மாடிக்காரன்கிட்ட இருக்கா இது?"

அவன் போனைத் தூக்கிப் பிடித்தான். டிக் என்றது.

திரும்பினேன். பிரிஜெட் நடை ஆரம்பத்தில் நின்றுகொண்டிருந்தாள். வாயில் கடைசி ஊசி. அதை மெதுவாக எடுத்துப் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டாள்.

"சார்" என்றாள். அவ்வளவுதான். பிறகு அந்தப் பையனிடம், "டீ குடிக்கிறியாப்பா? சக்கரை போடலாமா?" என்று கேட்டாள்.

அவன் டீயைக் குடித்துவிட்டு, கேட்டருகே என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "சார், உங்களுக்கும் இந்தக் கடையில பார்ட்னர்ஷிப்பா?"

"இல்லப்பா. நான் பக்கத்து வீடு."

ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளும்வரை என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வந்து நடந்ததை, அதிசயமாக, கூட்டாமல் குறைக்காமல் அனந்தலக்ஷ்மியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஏன்னா, அந்தப் பிள்ளைக்குப் பத்தால வகுக்கணும்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை."

"அவன் கையில இருந்த பெட்டி வகுக்குமா?"

"வகுக்காது."

"தேங்குழல் கொடுத்தேளா?" என்று கேட்டாள். பாத்திரம் இன்னும் என் கையிலேயே இருந்தது. கொடுக்கவே இல்லை.

ஜூன் மாதம், சாரல் பிடித்துக்கொண்டு துணி எதுவும் காயாத நாளில், நோட்டீஸ் வந்தது. தியோடர் கூப்பிட்டனுப்பினார். சாப்பாட்டு மேஜை மேல் அந்தக் காகிதமும், பக்கத்தில் நான் நிரப்பிய பழைய பாரங்களின் நகல்களும். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார் மனுஷர். நோட்டீஸை மேடையில் வாசிக்கிற அதே குரலில் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். வீடு முழுவதும் வியாபாரப் பயன்பாடு. தவறான விவரம் கொடுத்ததற்கு அபராதம். பழைய பாக்கி வரி, வட்டி. மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம். இந்த அகலமுள்ள தெருவில் முழு வீட்டையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்த லைசென்ஸ் கிடையாது. பதினைந்து நாளில் பதில் தரவேண்டும்.

"தியோடர், பணத்துக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"பணம் கெடக்குது. எஃப்டி ஒண்ணு இருக்குது, ஒடச்சிக்கிறேன்." ஒரு நகலை என் பக்கம் நகர்த்தினார். "இதப் படிங்க. கீழ, என் சைனுக்கு மேல."

"மேற்கண்ட விவரங்கள் யாவும் நான் அறிந்தவரை உண்மை."

"அடுத்தது."

"மேற்கண்ட விவரங்கள்..."

"எல்லாத்தையும் படிங்க ராகவன். பதினாறு இருக்குது."

நாலாவது நகலைக் கீழே வைத்தேன். "எல்லாரும் இப்படித்தான் போடறா தியோடர்" என்றேன்.

"எல்லாரும் போடட்டும். நான் ஞாயித்துக்கெழமை அங்க நின்னுகினு 'ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள்'னு வாசிக்கிறவன். போன மாசம்கூட வாசிச்சேன். நீங்களும் வந்திருந்தீங்க."

வந்திருந்தேன். அவர் வாசிப்பைக் கேட்கத்தான் எப்போதாவது போவேன். சமையலறையிலிருந்து பிரிஜெட் குரல் கொடுத்தாள். "உட்ரு தியோ. சார் இன்னா வேணும்னா செஞ்சார்? படிக்காம சைன் போட்டது நீ."

அவள் திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மறுநாள் வார்டு ஆபீஸுக்குப் போனேன். நாற்காலி காலியாக இல்லை, நின்றேன். செக்‌ரடேரியட்டில் எத்தனையோ பேரை நான் நிற்கவைத்திருக்கிறேன். ஹரிஷ்குமார் என்னைப் பார்த்ததும் எழுந்து பக்கத்து மேஜையிலிருந்து ஒரு ஸ்டூல் இழுத்துப் போட்டான்.

"தம்பி, நான் சொன்னதெல்லாம் பொய். முந்நூற்று அறுபத்தஞ்சு எல்லாம் கிடையாது. எழுதிக் கொடுக்கறேன். 'நான் ஒரு புளுகன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். சாட்சிக்கு என் சம்சாரத்தைக் கூட்டிண்டு வரேன், சந்தோஷமா வருவா."

"சார், நீங்க சொன்ன நம்பரை நான் எழுதவே இல்ல." கம்ப்யூட்டரைத் திருப்பினான். அறை அறையாகப் படங்கள். படுக்கையறை, லாயிட் அறை, நடை. கடைசியில் நீல நூல். "நீங்க சொன்னதுல பொய் எல்லாம் காத்துல போச்சு. கதவைத் தொறந்தீங்க பாருங்க, அது நிஜம். போட்டோ எடுத்துட்டேன், சிஸ்டத்துல ஏறிடுச்சு. நான் ஒரு ரூமுன்னு எழுதிக்கினு கெளம்பத்தான் சார் இருந்தேன்."

"தெரியும்."

"எனக்கே ரெண்டு நாளு மனசு சரியில்ல. அந்தம்மா டீ வேற குடுத்தாங்க." கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணு பண்ணலாம். பெனால்ட்டி கட்டித்தான் ஆவணும். ஆனா டிசம்பர்ல மறுபடி இன்ஸ்பெக்‌ஷன் கேட்டு லெட்டர் குடுங்க. அப்ப முன்னறையில மட்டும் சாமான் இருந்தா, முன்னறை மட்டும்னு மாத்திடலாம். கடை நடக்கும்."

வரும் வழியெல்லாம் என் மூளை பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டது. தெருவில் பதினேழு வீடு. வீட்டுக்கு மூன்று கவுன். எங்கள் வீட்டில் பெருமாள் அறையிலேயே ஆறு மாட்டலாம், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். பெண் வந்தால் ஒரு போன், ஐந்து நிமிஷத்தில் கவுன் தெருவோடு பறந்து வரும். பிரிஜெட்டிடமும் தியோடரிடமும் இதைச் சொன்னபோது கையை வேறு வீசிக் காட்டினேன்.

தியோடர் கேட்டார். "டிசம்பர்ல அந்தப் பையன் வந்து 'மத்த கவுனுங்க எங்க'ன்னு கேட்டா?"

"இல்லேன்னு சொல்லிடுங்கோ. வீட்ல இருக்காதே, பொய்யில்லையே."

"பதினேழு வீட்ல இருக்கும். கேட்டா நான் இன்னான்னு சொல்லணும்?" எழுந்து நின்றுவிட்டார். "ஒரு தடவ படிக்காம சைன் போட்டேன். படிச்சிட்டுப் போட மாட்டேன், ராகவன்."

பிரிஜெட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அவரைத் தரையில் படுக்கவைத்தவள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, கோபம் மட்டும் இல்லை.

"முன்னறையில எத்தினி மாட்டலாம்?" என்றாள், தனக்கே கேட்கிற மாதிரி. "பதினஞ்சு. நசுக்கினா பதினெட்டு."

"அது போதுமேம்மா. நல்லதாப் பார்த்துப் பதினஞ்சு..."

"போதாது சார். பொண்ணுங்க எல்லாம் ஒரே அளவுலயா வருது? ஒண்ணு கொடி மாதிரி வரும், ஒண்ணு என்ன மாதிரி வரும். ஒண்ணு ஏழாம் மாசம் வந்துச்சு, ஞாபகம் இருக்குதா? மூக்கால அழுதுகினு. அதுக்கும் குடுத்தேன், வயிறு தெரியாம. அறுவத்திநாலு இருந்தாத்தான் எல்லாத்துக்கும் ஒண்ணு இருக்கும். பதினஞ்ச மாட்டிகினு ஒக்காந்தா, வர்ற பொண்ணுல பாதிக்கு 'உன் சைஸ் இல்லம்மா'ன்னு சொல்லணும். அதச் சொல்லவா நான் கடை வெச்சேன்? அந்த மூணு மாடிக்காரன் சொல்லட்டும்."

ஆஸ்திரேலியாவிலிருந்து லாயிட் போனில், "மம்மி, எல்லாத்தையும் ஒரே லாட்டா வித்துடு" என்றான். ஒரு வியாபாரியும் வந்தான். கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிற மாதிரி விலை சொன்னான். பிரிஜெட் அவனுக்கும் டீ கொடுத்து அனுப்பிவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் வாரங்கள் தொடங்கிவிட்டால் சர்ச்சில் கல்யாணம் கிடையாது. அதுவரை, நவம்பர் கடைசிவரைக்கும், வாங்கியிருந்த புக்கிங்குகள் எல்லாம் கொடுத்தாக வேண்டும் என்றாள். கேட்டுப் போர்டை ஜூலையிலேயே கழற்றியாகிவிட்டது. ஆனாலும் சொல்லக் கேள்விப்பட்டுப் பெண்கள் வந்தார்கள். கொடுத்தாள். அதே ஓட்டுத்தையல், அதே நீல நூல். வாடகையும் அதேதான். கையில் பையைக் கொடுக்கும்போது மட்டும் ஒன்று சேர்த்துச் சொன்னாள். "திங்கக்கெழம கொண்டாற வேணாம்."

பெண்களுக்குப் புரியவில்லை. "செவ்வாய்க்கிழமையா ஆன்ட்டி?"

"கொண்டாறவே வேணாம். உன்னுது."

முதல் மாதம் நாலு போனது. ஆகஸ்டில் ஒன்பது. அக்டோபரில் லாயிட் அறை காலி. திங்கட்கிழமை இரவுகளில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றுபோனது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கே.ஆர். மார்க்கெட்டே ஒரு நாள் வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. இதை வகுக்கத் தேவையில்லை.

நான் ஓசைப்படாமல் ஒரு வேலை செய்தேன். தியோடர் பணம் கட்டிய மறுவாரம், அதில் பாதிக்கு ஒரு செக் எழுதிக் கவரில் போட்டு, பிரிஜெட் இரவல் கேட்டிருந்த சேவை பிழியும் நாழியோடு சுவர் மேல் வைத்தேன். நாழி மறுநாள் உருளைக்கிழங்கு கட்லெட்டோடு திரும்பி வந்தது. அடியில் கவர், ஒட்டினது பிரிக்காமல்.

"அவா வாங்கிண்டிருந்தா உங்களுக்குத் தூக்கம் வந்துடுமே. அதான் வாங்கலை" என்றாள் அனந்தலக்ஷ்மி.

கடைசிப் புக்கிங் சந்தாபுராவிலிருந்து வந்த அம்ருதா. ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. இந்துப் பெண், மாப்பிள்ளை நீல் சர்ச்சுப் பையன். அவள் வீட்டில் யாருக்கும் பிடிக்காத கல்யாணம். அளவெடுக்க வந்த மூன்று தடவையும் தனியாகத்தான் வந்தாள். நவம்பர் கடைசி சனிக்கிழமை கல்யாணம். திங்கட்கிழமை சாயங்காலம், தூறலில், ஐந்தே முக்காலுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் பை.

"வேணாம்னு சொன்னேனே" என்றாள் பிரிஜெட், கேட்டுக்குப் பின்னாலிருந்து.

"தெரியும் ஆன்ட்டி. ஆனா என்னோட அக்கா பொண்ணு சண்டே ஃபங்ஷனுக்கு வந்துட்டா. அதுக்கப்புறம் அம்மாவும் வந்தாங்க. அம்மாவே கறையைப் பார்த்துட்டு, இதை அப்படியே குடுக்கக் கூடாதுன்னு கையால துவைச்சிக் குடுத்தாங்க. நான் எப்படித் திருப்பிக் குடுக்க வேணாம்னு சொல்றது? அம்மா துவைச்சாங்களே."

பிரிஜெட் பையைத் திறந்து பார்த்தாள். சலவை சோப்புப் போட்டு, அடித்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்திருந்தார்கள். இடுப்பு லேஸ் சுருங்கி, துணி வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். ஒரு பித்தான் உடைந்ததற்கே மூன்று நாள் பேசாமல் இருந்தவள்.

"உங்கம்மா நல்லா தொவைச்சிருக்காங்க" என்று சொல்லி, பையை மூடி அந்தப் பெண்ணின் கையிலேயே வைத்தாள். "எடுத்துகினு போ. ஆட்டோ நிக்குது பார்."

ஆட்டோ திரும்பிப் போகும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூறல் வலுத்தது. உள்ளே போகச் சொன்னேன், கேட்கவில்லை.

டிசம்பரில் ஹரிஷ்குமார் வந்தான். அவன் டப்பாவின் சிவப்புப் புள்ளி வெறும் சுவர்களில் அலைந்தது. கூரையில் கம்பிகள் மட்டும். தியோடர் அவனோடு ஒவ்வொரு அறையாகப் போய், அவன் கேட்காமலே அலமாரிகளைத் திறந்து காட்டினார். முன்னறையிலும் ஒன்றும் இல்லாததைப் பார்த்து அவன் நின்றுவிட்டான்.

"மேடம், இந்த ரூமை வெச்சுக்கலாம்னு சார்கிட்ட சொன்னேனே."

"சொன்னார்ப்பா."

"அப்புறம்?"

"உனக்குப் பொண்ணு பாக்குறாங்களா?" என்று கேட்டாள் பிரிஜெட். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு ஏதோ சொன்னான். பேச்சு மாறிவிட்டது. அன்றைக்கு நான் அங்கே இருந்த முழு நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியமாக.

ஜனவரியில் பொங்கல் கழிந்த வாரம். காலைப் பனி விலகாத நேரத்தில் வாசலில் நின்று பேப்பர் பையனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டோ தயங்கித் தயங்கி வந்து நின்றது. ஒரு அம்மாவும் பெண்ணும். பெண் போனைப் பார்த்து, வீடுகளைப் பார்த்து, மறுபடி போனைப் பார்த்தாள்.

"அங்கிள், இங்க கவுன் ஆன்ட்டி வீடு எது? மேப்ல இங்கதான் காட்டுது. என் ஃபிரண்டு சொன்னா, அங்க போனா கண்டிப்பா ஒண்ணு இருக்கும்னு."

எனக்குள் எல்லாம் எழுந்து நின்றது. முந்நூற்று அறுபத்தஞ்சு, பார்க் வாசல்வரை நீளும் வால், எல்லாம். நான் பிரிஜெட் வீட்டைப் பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

"இப்ப இல்லம்மா" என்றேன். "அது வீடுதான்."

அந்த அம்மா, "அத்திபெலே போயிடலாம் வா, அங்க பெரிய கடை இருக்காம்" என்றாள். பெண் இன்னொரு தடவை கேட்டைப் பார்த்தாள். ஆட்டோ திரும்பிப் போய்விட்டது.

ஜன்னலிலிருந்து பிரிஜெட்டின் குரல் வந்தது. "யாரு சார்?"

"யாரோ அட்ரஸ் கேட்டா."

உள்ளே குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது.

"இடுப்பு எத்தினி இருக்கும்?"

"இருபத்தெட்டு இருக்கும்."

"ஒயரமா?"

"உன் தோளுக்கு வருவா."

"ம்" என்றாள். பிறகு, "இருந்திச்சி சார், அந்த அளவுக்கு நல்லதா ஒண்ணு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.